வேலி ஓணானும் ஓர் இசைவுப் படிவமும்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பாடநூலில் ‘நோய்த்தடைகாப்பியல்’ என்றொரு சொல் இருக்கிறது. நோயெதிர்ப்பியல் என்போர் உண்டு. தடுப்பாற்றலியல் என்போரும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் மூன்றையும் ஒதுக்கிவிட்டு இம்யூனாலஜி என்றே சொல்கிறார்கள். தமிழ் படித்த நமக்கு முதற்சொல்லின் மீதே ஈடுபாடு. அதற்குள் இருக்கும் ‘காப்பு’ என்ற சொல்லே காரணம். நூலுக்கு முன்னே வைப்பது காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழில் முதலில் நிற்பது காப்புப் பருவம். அம்மன் கோயில் கொடைக்குக் காப்புக் கட்டியவர் விழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டுவதில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் பல ஊர்களில் வீட்டு இறவாரத்தில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகுகிறார்களே, அதுவும் காப்புத்தான். இவையெல்லாம் வெளியிலிருந்து கட்டுகிற காப்பு. உடல் தனக்குள்ளே தானே கட்டிக்கொள்ளும் காப்பைப் பற்றிய படிப்பே நோய்த்தடைகாப்பியல்.

இத்துறையில் இளம் ஆய்வாளர்கள் எவ்வாறு உருவாகிறார்கள் என்று எழுதத் தமிழ் விரிவுரையாளருக்கு என்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் நம் பக்கத்துக் கல்லூரிகளின் நடைமுறை ஒன்றுண்டு. விலங்கியலோ வேதியியலோ நுண்ணுயிரியலோ எதில் சேர்ந்தாலும் தொடக்க ஆண்டுகளில் பகுதி ஒன்று தமிழ் படித்தாக வேண்டும். அறிவியல் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை நம் வகுப்பறை வழியாகத்தான் கடந்துபோகிறார்கள். தம் துறை ஆசிரியரிடம் கேட்கத் தயங்குகிற வினாக்களைத் தமிழ் வகுப்பில் கூச்சமின்றிக் கேட்டுவிடுவதும் உண்டு. செய்முறைத் தேர்வு மதிப்பெண் நம் கையில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

நாம் வசிப்பது புதியம்புத்தூரில். தூத்துக்குடி மாவட்டம், ஓட்டப்பிடாரம் வட்டம். ஊரைத் தாண்டினால் கரிசல் காடு. கம்பு, உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் என்று வானம் பார்த்த வெள்ளாமை. ஊருக்குள் நுழைந்தால் தையல் மெஷின்களின் ஓசை. ஆயத்த ஆடை தைத்து வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்புவது இங்கே பெருந்தொழில். மழை ஏமாற்றினாலும் மெஷின் ஏமாற்றாது என்று காட்டு வேலையை விட்டுத் துணிக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். பீஸ் கணக்கில் கூலி. காஜா எடுக்க ஒருவர், பட்டன் வைக்க ஒருவர், பிசிறு நூல் வெட்ட ஒருவர் என்று வீட்டுத் திண்ணைகளிலும் வேலை நடக்கும். இப்படியொரு வீட்டிலிருந்து விலங்கியல் படிக்க வந்த மாணவி ஒருவரால்தான் இக்கட்டுரை எழுத நேர்ந்தது. அவருடைய தாயார் நைட்டி தைப்பவர்.

வகுப்பில் புதுமைப்பித்தனின் கதையொன்றைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். வழக்கம்போல் வாழ்க்கைக் குறிப்பும் சொன்னோம். 1906இல் பிறந்தவர், 1948இல் காசநோயால் இறந்தவர், அப்போது வயது 42 என்று சொல்லிக் கதைக்குள் போக இருந்தோம். அம்மாணவி எழுந்து கேட்டார்: “ஐயா, எங்க ஆச்சிக்கும் அதே நோய்தான். ஆச்சி பக்கத்துல ஒரே பாயில எங்க அம்மா படுத்துக் கிடந்தாங்க. அம்மாவுக்கு ஏன் ஐயா வரல?” கதையைப் பற்றிய வினா அன்று, ஆனாலும் அவ்வாண்டு முழுவதும் அந்த வகுப்பில் எழுந்த வினாக்களில் ஆகச் சிறந்தது அதுவே. விலங்கியல் துறையில் கேட்கும்படி அனுப்பிவைத்தோம். அங்கிருந்த பேராசிரியர் அவ்வினாவைக் கேட்டுவிட்டு அவருக்கு ஒரு நூலைக் கொடுத்து, படித்துவிட்டு மறுவாரம் வரச் சொன்னார். அந்த மறுவாரம் பல ஆண்டுகளாக நீண்டது. அவர் மதுரையில் முதுகலை முடித்து, இப்போது முனைவர் பட்டத்துக்குக் காசநோயின் நோய்த்தடைகாப்பை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

வினாவின் கனம் பிறகு விளங்கிற்று. உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் காசநோய்க் கிருமியின் தொற்றைப் பெற்றவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளியாகிறவர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே. ஏனையோர் உடம்பில் செல்கள் கிருமியைச் சூழ்ந்து அரண்போல நின்று அடக்கிவைத்துவிடுகின்றன. எந்தச் செல், எந்தக் கட்டளைப்படி, எதனால் சிலரிடம் இந்த அரண் இடிகிறது என்பது இன்றும் முழுமையாக அறியப்படாத செய்தி. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் ஒத்த பலன் கிடைக்கும் என்று 1959இல் காட்டியது. வீட்டில் வைத்து மருத்துவம் பார்ப்பதால் உடன் வாழ்வோருக்குத் தனியாக ஆபத்து கூடவில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அது பெருங்காரணம் ஆயிற்று. ஒரே பாயில் படுத்த தாயாருக்கு ஏன் வரவில்லை என்பது, நகரத்தின் குறுகிய வீடுகளை நோக்கி அன்றைக்கே எழுந்த வினாவின் தொடர்ச்சிதான்.

முதுகலை படிக்கையில் ஒருநாள் அம்மாணவி நம் துறை அறைக்கு வந்து, கிழித்த தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்து காட்டினார். நெஞ்செலும்புக்குப் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. 1961இல் ஜாக் மில்லர் எலிக்குட்டிகளில் அதை நீக்கிப் பார்க்கும்வரை அதன் பயன் ஒருவருக்கும் தெரியாது. எலும்பு மஜ்ஜையில் பிறந்த இளஞ்செல்கள் அங்கே வந்து பயிற்சி பெறுகின்றன. பயிற்சி முடித்து வெளியே வருபவையே டி செல்கள். பயிற்சியில் இரண்டு சோதனைகள். நம் உடலின் அடையாளச் சீட்டைத் தொட்டு உணர முடிகிறதா என்பது ஒன்று. உடலின் சொந்தப் பொருளைப் பகையென்று எண்ணி அளவுமீறிப் பாய்கிறதா என்பது மற்றொன்று. அவ்வாறு பாய்கிற செல்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படும். அழியாமல் சமாதானம் காக்கும் காவலராக மாறுவனவும் சில உண்டு. ஆக, உள்ளே போகும் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே வெளியே வருகின்றன.

நம்மை உறுத்தியது இந்தக் கணக்கன்று. மடிகிற செல்களில் பெரும்பாலானவை தவறு செய்து மடிவதில்லை. அவற்றை எதுவும் தொடுவதில்லை. அவற்றுக்கு எந்தக் குறிப்பும் கிடைப்பதில்லை. அப்படியே காத்திருந்து மடிந்துவிடுகின்றன. நோய்த்தடைகாப்பியலார் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘புறக்கணிப்பால் மரணம்’. அம்மாணவி இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நமக்கோ கடந்த பல ஆண்டுகளில் நம் வகுப்பில் உட்கார்ந்து போன முகங்கள் நினைவுக்கு வந்தன. நல்ல வினா கேட்டவர்கள் பலர். அவர்களில் எவரும் தேர்வில் தோற்று ஆய்வை விட்டவர் அல்லர். ஆய்வு என்றொரு வழி இருப்பதையே ஒருவரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

காட்டியவர்கள் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கியது. பின்னர் 1978இல் காமராசர் பெயரைத் தாங்கியது. அங்கே பேராசிரியர் முத்துக்கருப்பன் இத்துறையை வளர்த்தபோது, மேலை நாட்டு ஆய்வுக்கூடங்களைப்போல் உட்கலப்பு எலிகளை வாங்கி வளர்த்துக்கொண்டிருக்க வசதிகள் எளிதில் கிடைத்த காலமன்று. அவரும் அவர் மாணவர்களும் எடுத்துக்கொண்ட உயிர்களுள் ஒன்று ஓணான். கரட்டிலும் முள்வேலியிலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அதே ஓணான். நம் ஊர்ச் சிறுவர்கள் ஈர்க்கில் சுருக்கு வைத்துப் பிடித்துத் துன்புறுத்தும் உயிர். வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக என்று வேண்டாத வேலைக்குப் பழமொழி சொல்கிறோமல்லவா? மதுரையில் அதை வேண்டியே எடுத்துக்கொண்டார்கள்.

ஊர்வனவற்றுக்குத் தைமஸ் உண்டா, குஞ்சு வளர்கையில் காப்பு எப்போது கைகூடுகிறது, மண்ணீரலின் எந்தப் பகுதி தைமஸைச் சார்ந்திருக்கிறது என்பன அவர்கள் கேட்ட வினாக்கள். பெரும்பாலும் பாலூட்டிகளில் விரிவாகப் பார்க்கப்பட்டிருந்த ஒன்றை, பரிணாமப் படியில் முன்னே நிற்கும் உயிரில் தேடினார்கள். 1970களிலும் அதன் பின்னும் வெளிவந்த அந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பன்னாட்டு இதழ்கள் ஏற்று வெளியிட்டன. கிடைக்காத எலியை எண்ணி ஏங்காமல், கைக்கெட்டிய உயிரிடம் கேட்கத்தக்க வினா எது என்று தேடும் பழக்கம் அங்கே மாணவர்களுக்கு வாய்த்தது. கருவிகள் நாளடைவில் பழையனவாகிவிடும். வினாவைத் தேடும் அந்தப் பழக்கம் அவர்களோடு கூடவே போயிற்று.

அம்மாணவர்களில் ஒருவரான இராமசாமி பிச்சப்பன் பின்னர் மனிதரிடம் திரும்பினார். மேலே சொன்ன அடையாளச் சீட்டு மனிதரில் எச்எல்ஏ எனப்படும். ஆளுக்கு ஆள் மாறுபடுவது. தென்தமிழகத்து மக்களிடம் அது எவ்வாறு அமைந்திருக்கிறது, அதன் எந்த வகை காசநோயோடு தொடர்புடையது என்று அவரும் அவருடைய மாணவர்களும் தேடினார்கள். எச்எல்ஏ டிஆர்2 என்னும் வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அவர்களது கட்டுரை 1991இல் வந்தது. பின்னாளில் மனித இனப் பரவலைத் தேடிய ஜீனோகிராபிக் திட்டத்தின் இந்தியப் பகுதிக்கு அவரே பொறுப்பேற்றார். மதுரையில் உருவானவர்கள் சிலர் சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தின் நோய்த்தடைகாப்பியல் துறைக்கும் சென்று இதே தேடலைத் தொடர்ந்தார்கள். ஓணானின் மண்ணீரலைப் பார்த்த கண் மனிதரின் நுரையீரலுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். நாட்டின் வடக்கிலும் இவ்வாறொரு தொடக்கம் இருந்தது. டெல்லியில் அகில இந்திய மருத்துவக் கழகத்தில் 1972இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு நோய்த்தடைகாப்பியல் ஆய்வு, பயிற்சி மையம் ஒன்று ஜி.பி.தல்வார் தலைமையில் எழுந்தது. அங்கிருந்து 1980களில் தேசிய நோய்த்தடைகாப்பியல் நிறுவனம் வளர்ந்தது.

மதுரையைப் பேசுகையில் நம் கரிசல்காரர் ஒருவரையும் நினைக்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமி, எட்டையபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக எண்ணியிருந்தவரை முடக்குவாதம் தாக்கிக் கைவிரல்களைக் கோணலாக்கியது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் அந்நோய் வெளிக்கிருமி செய்வதன்று; உடலின் காப்பே உடலின் மூட்டுகளைப் பகையென்று எண்ணித் தாக்குவது. தைமஸில் நடக்கும் இரண்டாவது சோதனை எதற்காக என்பதற்கு அவ்விரல்களே சான்று. அந்த விரல்களைக் கொண்டே அவர் கண் அறுவை கற்றுப் பல்லாயிரம் பேருக்குப் பார்வை தந்தார். அவர் நிறுவிய மருத்துவமனையை ஒட்டி எழுந்த அரவிந்த் மருத்துவ ஆய்வு அமைப்பில், பல்கலைக்கழகப் பணிக்குப் பின்னர் முத்துக்கருப்பன் இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டினார். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பகுதியில் கண் அழற்சியோடு பலர் வந்தபோது, லெப்டோஸ்பைரா கிருமியின் தொடர்பை அறிந்து சொன்னதும் அரவிந்த் மருத்துவர்களே. தங்கள் வாசலுக்கு வந்த நோயாளிகளிடமே அவர்கள் தம் வினாவைக் கண்டார்கள்.

இளம் ஆய்வாளருக்கு வினா எவ்வாறு கிடைக்கிறது என்பதற்குச் சென்னையில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. 1985இன் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா ஆய்வேட்டுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று பாரேன் என்றார். அந்நோய் மேலை நாட்டவர்க்கே உரியது, நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று நாளிதழ்களும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவும் தயங்கினார். கணவர் ஊக்கினார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டும் போனார். காப்பகத்தில் இருந்த பெண்கள் உள்ளிட்டோரிடமிருந்து 200 இரத்த மாதிரிகள் சேர்ந்தன. தனி வசதி இல்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள்.

சென்னையில் எலைசா சோதனை செய்ய ஏற்பாடில்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் பனிக்கட்டிப் பெட்டியோடு இரவு ரயிலில் வேலூர் சென்றார்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானும் ஜார்ஜ் பாபுவும் சோதனைக்கு உதவினார்கள். எலைசா என்பது நோய்த்தடைகாப்பியலின் கருவி. கிருமியைத் தேடுவதில்லை, கிருமியைக் கண்ட உடல் செய்துவைத்திருக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. ஆறு குழிகள் மஞ்சளாயின. மறுபடி மாதிரி எடுத்து அமெரிக்காவில் சோதித்தும் உறுதியாயிற்று. இந்தியாவில் எச்ஐவி இருப்பது அவ்வாறுதான் தெரிந்தது. நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுக் கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசிப் பணிக்குத் திரும்பி, 2010இல் ஓய்வுபெற்றார். பெரும் பரிசு எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

இதில் நெஞ்சைத் தொடும் இடம் மஞ்சளான குழி அன்று. வினாவைக் கொடுத்த பேராசிரியர், தயங்கியவரை வண்டியில் ஏற்றிய கணவர், வேற்றூர்க் கல்லூரியில் இடம் கொடுத்த இருவர் என்று ஓர் இளம் ஆய்வாளரை எத்தனை கைகள் தொட்டிருக்கின்றன! வேறொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதற்கான சோதனை என்று அப்பெண்களிடம் தாம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பல்லாண்டுகள் கழித்து ஒரு நேர்காணலில் வெளிப்படையாகக் கூறினார். அன்றைய வழக்கம் அது. இரத்தம் தந்தவருக்கும் அறிய உரிமை உண்டு என்பதை அறிவியல் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்களின்படி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி அவர் இசைவைப் பெற வேண்டும்.

இந்த இடத்தில்தான் தமிழாசிரியருக்கு வேலை வந்தது. காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும் நோய்க்கு ஆளாகாதவர்களின் இரத்தத்தை ஆராய்வது அம்மாணவியின் திட்டம். இசைவுப் படிவத்தின் தமிழ் வடிவத்தோடு வந்து, “ஐயா, இதை எங்க அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ‘இது பத்திரமா, படிவமா?’ன்னு கேக்காங்க” என்றார். தாயாரின் திறனாய்வு சரியானதே. ‘பங்கேற்பாளராகிய தாங்கள் எவ்வேளையிலும் தங்களது இசைவினைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமையை உடையவராவீர்கள்’ என்பது போன்ற வாக்கியங்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. புதியம்புத்தூரில் ஒருவருக்கும் புரியாது, அவ்வளவே.

மூன்று மாலைகள் உட்கார்ந்தோம். மேற்படி வாக்கியம், ‘வேண்டாம் என்று எப்போது தோன்றினாலும் சொல்லிவிடலாம், சொன்னதற்காக உங்களுக்குக் கிடைக்கும் மருத்துவம் குறையாது’ என்று ஆயிற்று. 10 மில்லி இரத்தம் என்பதோடு இரண்டு தேக்கரண்டி அளவு என்று சேர்த்தோம். எதிர்ப்பொருள் என்னும் பாடநூற்சொல்லை விடாமல், ‘கிருமியை அடையாளம் கண்டு உடம்பு செய்துவைத்துக்கொள்ளும் பொருள்’ என்று பக்கத்திலேயே விளக்கினோம். மிகவும் சிக்கலாக இருந்தது ‘இவ்வாய்வால் தங்களுக்கு நேரடிப் பயன் இல்லை’ என்னும் வரி. அதை மென்மையாக்கலாமா என்று நாம் கேட்டோம். “கூடாது ஐயா, அதுதான் முக்கியமான வரி. அதை அழகாச் சொன்னா ஏமாத்தினதா ஆயிரும்” என்றார். சொல்லை அழகாக்குவதையே தொழிலாகக் கொண்டவர்க்கு அது நல்ல பாடம். பின்னர் அறநெறிக் குழு ஒப்பியதாகவும், அங்கே உறுப்பினராக இருந்த பொதுமக்களில் ஒருவர் மறுவாசிப்புக் கேட்கவில்லை என்றும் மகிழ்ச்சியோடு சொன்னார்.

இப்படிப்பட்ட ஆய்வாளரை உருவாக்க நாம் வைத்திருக்கும் ஏற்பாடு என்ன? முதன்மையாகத் தேர்வு. நெட் எழுதி இளநிலை ஆய்வு நிதி பெற்றவருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து 42,000. நல்ல தொகைதான். அது கிடைக்காதவர்கள் பேராசிரியரின் திட்டப்பணியிலோ சிறு உதவித்தொகையிலோ காலம் தள்ளுகிறார்கள். அறிவிக்கப்பட்ட தொகையும் மாதாமாதம் வருவதில்லை என்பதை ஆய்வு மாணவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். நம் மாணவிக்கு ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை. அந்த ஏழு மாதமும் அவருடைய மதுரை விடுதிக் கட்டணத்தைப் புதியம்புத்தூரில் ஓடிய ஒரு தையல் மெஷின் கட்டியது. “இது எப்பத்தான் முடியும்?” என்று தாயார் நம்மிடம் கேட்டார். மகள் மீது நம்பிக்கை இல்லாமல் கேட்டதன்று. பீஸ் கணக்கில் வாழ்பவருக்கு, எத்தனை பீஸ் என்று எண்ண முடியாத வேலை அச்சம் தருகிறது.

தேர்வு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தைமஸிலும் தேர்வு உண்டு, கடுமையான தேர்வு. ஆனால் அங்கே தேர்வதும் பயிற்றுவதும் ஒரே தொடுதலில் நடக்கின்றன. செல்லைத் தொட்டுப் பார்க்காமல் தள்ளினால் அது புறக்கணிப்பு. தேர்வென்று அதற்குப் பெயரில்லை. நம் ஏற்பாட்டில் சல்லடை இருக்கிறது. தொடும் கைதான் அரிது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு ஆய்வுக்கூடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரியாது. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கோடை ஆய்வு உதவி தருவதை நம் கல்லூரியில் ஓர் அறிவிப்புப் பலகையும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்க விண்ணப்பம் எழுதத் துணை இருந்தால் போகக்கூடிய பிள்ளைகள், அத்துணை இல்லாமல் நின்றுவிடுகிறார்கள். சென்ற சில ஆண்டுகளாக விலங்கியல் துறை நண்பரும் நாமும் நவம்பர் மாதத்தில் இரண்டு மாலைகளை இதற்கென்று ஒதுக்குகிறோம். அவர் எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்கிறார். நாம் அவர்களுடைய வினாவைத் தமிழில் முழுதாகச் சொல்லவைக்கிறோம். தமிழில் தெளிவாகச் சொன்ன பிறகு ஆங்கிலம் வந்துவிடுகிறது.

காலம் ஆகும் என்பதையும் குடும்பங்களுக்கு எவராவது சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் கிடைத்தது. தைமஸின் சோதனைக்குத் தப்பி வெளியே வந்துவிட்ட முரட்டுச் செல்களை உடலுக்குள் அடக்கிவைக்கும் காவல் செல்களைப் பற்றிய ஆய்வுக்கு அப்பரிசு. பிறந்த மூன்றாம் நாள் எலிக்குட்டியின் தைமஸை எடுத்துவிட்டால் அதன் உடல் தன்னையே தாக்கத் தொடங்குவது ஏன் என்ற பழைய புதிரை இளைஞரான சகாகுச்சி பற்றிக்கொண்டார். அத்தகைய செல்கள் உண்டென்று முன்பு பேசியவர்களின் கருத்து மதிப்பிழந்து, துறையே அதைக் கைவிட்டிருந்த காலத்திலும் அவர் விடவில்லை. 1995இல்தான் அச்செல்லை அடையாளம் காட்டினார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் கழித்துப் பரிசு. இந்தக் கதையை மாணவியின் தாயாரிடம் சொன்னபோது, “அந்தப் பிள்ளைக்கும் யாரோ சோறு போட்டிருக்காகல்ல” என்றார். நோபல் பரிசைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக எவரும் கூறி நாம் கேட்டதில்லை.

சென்ற ஆடியில் நம் தெருவில் இருக்கும் ஓர் அம்மாள் நம்மிடம் ஒரு செய்தி சொன்னார். பட்டன் வைப்பவர். மகனுக்குக் காசநோய் வந்து மருந்தில் குணமாயிற்று. ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மாணவி விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது வழிமறித்து, “ஏத்தா, என் ரத்தம் என்ன சொல்லிச்சு?” என்று கேட்டாராம். மாணவி அன்று மாலையே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, “கிருமி உள்ளதான் இருக்கு அத்தை. அதச் சுத்தி உங்க உடம்பு மடிச்சுத் தச்சு வச்சிருக்கு. தையல் பிரியாம இருக்கணும். நல்லாச் சாப்பிடுங்க, ஆஸ்பத்திரியில தடுப்பு மாத்திரை கேளுங்க” என்று விளக்கியிருக்கிறார். மறுநாள் அவரே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டியும் போயிருக்கிறார். “ரெண்டு கரண்டி ரத்தம்னுதான் தாளுல போட்டிருந்துச்சு. அந்தப் பிள்ள ரெண்டு கரண்டிக்கு மேல எடுக்கலங்க” என்று அந்த அம்மாள் நம்மிடம் சான்று கூறினார். பிறகு மடியில் கிடந்த சட்டையை எடுத்து அடுத்த பட்டனை வைக்கத் தொடங்கினார்.